72 என்.எல்.ஆர். 337

கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் நான் சேர்ந்தது எண்பதுகளில், தமிழ் மொழிமூலம். விரிவுரை தமிழில் நடக்கும். வாசிக்க வேண்டிய தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் கிடக்கும். ஊரில் தமிழில் உயர்தரம் எடுத்துவிட்டு வந்த எங்களுக்கு இரண்டையும் இணைத்துத் தந்த இடம் சட்ட நூலகந்தான்.

முதல் ஒப்படைக்காக விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிவிட்டது இவ்வளவுதான்: 72 என்.எல்.ஆர். 337. என்.எல்.ஆர். என்பது 'நியூ லோ றிப்போட்ஸ்' என்ற இலங்கைத் தீர்ப்புத் தொகுப்பு என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. அட்டை லாச்சிகளை இழுத்து இழுத்துத் தேடிக்கொண்டு நின்றேன். நூலக உதவியாளர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, முதல் இலக்கம் தொகுதி, கடைசி இலக்கம் பக்கம். நடுவிலை இருக்கிறது புத்தகத்தின்ரை பேர்" என்றார். இறாக்கை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவர், புத்தகத்தை மட்டும் என்னையே எடுக்க விட்டார்.

அது கோடீஸ்வரன் வழக்கு. தனிச் சிங்களச் சட்டத்தின்கீழ் மொழிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் அவர். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்கே போட முடியாது என்றது. அந்த முடிவை 1969இல், அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் மாற்றியது. நான் எடுத்தது இந்தக் கடைசித் தீர்ப்பு. அவர் தோற்ற தீர்ப்பு 70ஆம் தொகுதியில், 121ஆம் பக்கத்தில். உதவியாளர் அதையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டையும் அகராதியோடு அடுத்தடுத்து வாசித்தேன். மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்ததா என்ற முக்கியமான கேள்வியைக் கோமறைக் கழகம் தீர்க்காமல் திருப்பி அனுப்பியிருந்தது. அதற்கு விடை வரவேயில்லை. 1971இல் லண்டனுக்கான மேன்முறையீடு நின்றது, 1972இல் அரசியலமைப்பே மாறிவிட்டது. அன்று பின்னேரம் நூலகம் பூட்டும்வரை அந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.

அப்புறம் தேசவழமை. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1706இல் தொகுத்த, எங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று அம்மாவின் வாயில் கேட்ட சொற்கள் ஆங்கிலத் தீர்ப்புகளுக்குள் நிற்பதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! ஆனால் எழுத்துக்கூட்டல் இடத்துக்கிடம் மாறும். 'தேடியதேட்டம்' என்ற சொல்லையே ஒருவர் ஆங்கில 'T' மட்டும் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் 'T'யோடு 'H'உம் சேர்த்திருப்பார். பொருள் அட்டவணையில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வழக்கு இல்லை என்று எழும்பக் கூடாது. இதையும் அந்த உதவியாளர்தான் சொல்லித் தந்தார். இந்தச் சொத்துகள் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை வாசித்தால் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் கையோடு எடுக்க வேண்டும், தேடியதேட்டத்தின் வரைவிலக்கணமே அதில் மாறியிருக்கிறது என்பதும் அவரிடம் கற்றதுதான்.

சில புத்தகங்களை இரவுக்கு மட்டும் தருவார்கள், காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளவத்தை அறையில் நாலுபேர் சுற்றியிருந்து, ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்க, ஒருவர் தமிழில் சொல்ல, மற்ற இருவரும் கொப்பியில் எழுதுவோம். 'எஸ்டொப்பல்' (முன்பு சொன்னதைப் பிறகு மறுக்க விடாத சட்ட விதி) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடி நடுச்சாமம் தாண்டிய நாளும் உண்டு. ஒரு தொகுதியினர் எழுதியதை அடுத்த தொகுதியினர் வாங்கித் திருத்திப் படித்தார்கள். என் கணிப்பில், நாங்கள் படித்த தமிழ்ச் சட்டநூல் அந்தக் கொப்பிகள்தான்.

இப்போது லண்டனில், ரசல் சதுக்கத்திலுள்ள உயர் சட்டக் கல்வி நிறுவன நூலகத்துக்குப் போகும் நாட்களில் அந்தக் கொப்பிகள்தான் நினைவுக்கு வருகின்றன. தீர்ப்புத் தொகுதிகள் எங்காவது ஒரு இறாக்கையில் இருக்கும். எங்கள் தமிழ்க் குறிப்புகளுக்கு வேறு பிரதி கிடையாது. என்னிடம் மூன்று கொப்பிகள் மிஞ்சியிருக்கின்றன, ஒன்றில் தேசவழமை முழுவதும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்தால், தாள் உதிருமுன் நமது பழைய மாணவர் சங்கத்துக்கு அறிவியுங்கள். ஸ்கேன் செய்து சட்டபீட நூலகத்துக்கு அனுப்பும் வேலையை நான் செய்கிறேன்.