நாலடிப் பலகையில் ஒரு கரும்பாறை வெளி

மாங்குளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று வாரமாக ஒரு பலகை கிடக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ‘கிரேட்டர்ஸ் ஒஃப் த மூன்’ என்ற எரிமலைக்குழம்பு வெளியை அதில் செய்துகொண்டிருக்கிறேன். வறண்ட புதர்ப் புல்வெளிக்கு நடுவே சுமார் 1,600 சதுர கிலோமீற்றருக்குக் கரும்பாறை. பரப்பளவில் கிளிநொச்சி மாவட்டமே அதற்குள் அடங்கிவிடும். நிலத்தில் விழுந்த நீண்ட பிளவு வழியே, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை, எட்டுத் தவணைகளில் பொங்கிப் பரவிய குழம்பு அது.

ஒரு கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று கணக்கு வைத்தேன். பிளவு 85 சென்ரிமீற்றர் வந்தது. உயரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே எரிமலை கக்கிய துகள்கள் குவிந்து உண்டான பெரிய குன்று 200 மீற்றருக்குச் சற்று மேல். பலகையிலோ அது ஒரு நெல்மணியின் பருமன். உயரத்தை மட்டும் ஐந்து மடங்காக்கினேன். கள்ளம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

முதலில் பனங்கட்டிப் பாகை ஊற்றினேன். மேல்தோல் ஆறி இறுக, அடியில் சூடாக ஓடிய பாகு அதைத் தள்ளிச் சுருக்கியது. கயிறு கயிறாக மடிப்புகள் விழுந்தன. ஹவாய்ச் சொல்லால் பாஹோய்ஹோய் எனப்படும் வழவழப்பான பாறையில் இருப்பதும் இதே மடிப்புத்தான். ஆசையாகப் பார்த்துவிட்டுப் படுத்தேன். விடியும்போது முழு எரிமலையும் எறும்புகளின் வசம்.

அடுத்தது சீமெந்துக் கரைசலும் கரித்தூளும். அது காய்ந்த பிறகு, ‘கீபூக்கா’க்களைக் களிமண்ணால் உருட்டி மேலே ஒட்டினேன். குழம்பு சூழ்ந்தும் மூடாமல் விட்ட பழைய நிலத் திட்டிகள் அவை. சுற்றிலும் கரடுமுரடான பாறை என்பதால் பல இடங்களில் பழைய புல்லும் செடியும் மேய்ச்சல் படாமல் நிற்கின்றன. என்னுடையவையோ ரொட்டிமேல் வைத்த சம்பல்போல இருந்தன. மாரியில் குளம் வான்பாயும்போது வயலுக்குள் திட்டி எப்படித் தெரியும் என்று பார்த்து வளர்ந்தவன் செய்யும் வேலையா இது? எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, திட்டிகளை முதலில் வைத்துப் பிறகு ஊற்றினேன். கரைசல் தானாகவே விலகிச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு திட்டியின் பின்புறம் சிறிய கரடான விளிம்புகூட விழுந்தது. நான் கை வைக்கவே இல்லை.

நேற்று ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அப்படியே தேங்கி நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, “நல்ல குளம் கட்டியிருக்கிறாய், தம்பி” என்றார்.

அங்கே குளம் நிற்காது. மழையும் உருகிய பனியும் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். அருகிலுள்ள பிக் லொஸ்ட் ஆறே அந்தச் சமவெளிக்கு வந்ததும் நிலத்துக்குள் மறைகிறது. நிலத்தடியில் ஓடும் நீர் 150 கிலோமீற்றருக்கும் அப்பால், ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சுவரில் ஊற்றுகளாகக் கொட்டுகிறது.

ஆலையில் ஒரு பை உமி கேட்டிருக்கிறேன். சீமெந்தோடு அதைக் கலந்து ஊற்றிப் பார்க்க வேண்டும். பலகையின் தெற்கு ஓரத்தில் ஆணியால் துளைகள் போட்டாயிற்று.