எரிமலை இல்லை டீச்சர்

"இல்லை டீச்சர், இது எரிமலை இல்லை" என்று நான் சொன்னதில் தகவல் பிழை எதுவும் கிடையாது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொன்ன இடமும் அப்போது பக்கத்தில் நின்ற ஆளும்தான் இன்னும் மனசை அரிக்கிறது.

மூணாறு பக்கம் சூரியநெல்லிக்கு மேலே, ஆனையிறங்கல் அணை கண்ணில் படும் திருப்பத்தைத் தாண்டினால் அந்தப் பள்ளம் வரும். மேலே மொட்டைப் பாறை, கீழே வட்டமாகக் குடைந்த சரிவு, செம்மண். என்னோடு வழிகாட்டியாக வரும் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், யாரை அழைத்து வந்தாலும் அங்கே நிறுத்துவார். "இது அணைஞ்சுபோன எரிமலையோட வாய். மண்ணு ஏன் செவந்து கெடக்கு? எரிஞ்ச மண்ணு." நடந்து களைத்த பிள்ளைகள்கூட நிமிர்ந்துவிடும். எங்கள் டூர்காரர் நோட்டீசிலேயே 'எரிமலை நடை' என்று போட்டுவிட்டார்.

அன்று வந்தது மதுரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம். அண்ணன் சொல்லி முடித்ததும் டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, நம்ம பக்கம் எரிமலை இருந்ததா நான் படிச்சதே இல்லையே, நிஜமாவா?"

சொன்னவரை விட்டுவிட்டு என்னிடம் ஏன் கேட்டார்? கழுத்தில் லென்ஸ் தொங்கியதாலா? முன்பு மாணவர்களோடு வந்த ஒரு நிலவியல் பேராசிரியர் கொடுத்துவிட்டுப் போனது அது. அண்ணனும் என்னைப் பார்த்தார். தலையாட்டினால் முடிந்திருக்கும். ஆனால் எதிரே நிற்பது பள்ளிப் பிள்ளைகள். இங்கே கேட்டதை வகுப்பில் போய்ச் சொல்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள்.

இல்லை என்றேன். கீழே கிடந்த ஒரு சில்லை எடுத்து லென்ஸோடு கொடுத்தேன். வெள்ளையும் சாம்பலுமாகக் கல்லுப்பு அளவில் மணிகள், இடையிடையே நகம் பட்டால் உரிந்துவரும் மைக்கா ஏடு. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், வெக்கையிலும் அழுத்தத்திலும் கிடந்து மெல்ல மெல்ல ஆறினால்தான் மணி இவ்வளவு பெரிதாகும். எரிமலைக் குழம்பு வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் மணி கண்ணுக்கே தெரியாது. மகாராஷ்டிராவில் மகாபலேஷ்வர் பக்கம் படிப்படியாக நிற்கும் கறுப்புப் பாறை அப்படி வந்ததுதான், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால். நம் மலை அதைவிடப் பல மடங்கு மூத்தது. மண் சிவந்தது தீயால் அல்ல, அதிலுள்ள இரும்பு துருவேறியதால்.

"அப்ப இந்தியாவுல எரிமலையே கெடையாதா?" என்றான் ஒரு பையன், முகம் வாடி. அந்தமானில் பாரன் (Barren) தீவு என்ற எரிமலை இருக்கிறது, நூறு ஆண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி வெடித்தது என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னாலும் பிள்ளைகள் நிமிரத்தானே செய்கிறார்கள்?

அதோடு நின்றிருந்தால் சரி. "அப்ப இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சு?" என்றாள் ஒரு பெண். மழை என்றேன். செங்குத்தான பாறைமேல் மண் கொஞ்சமாகத்தான் இருக்கும், விடாமல் பெய்யும் தண்ணீர் பாறைக்குள் இறங்க முடியாமல் மண்ணிலேயே தங்கும், கனம் தாங்காமல் ஒருநாள் மொத்தமாகச் சரிந்து வரும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் முன்னால் நடந்துவிட்டார்.

இறங்கி வந்து டீ குடிக்கும்போதுதான் பேசினார். "நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

தனியாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போனார். அதை ஞாபகப்படுத்தவும் செய்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எரிமலைன்னா பயமில்லடா, அது அணைஞ்சு போச்சு. மண்ணு சரியும்னு சொன்னா ராத்திரி புள்ளைங்க எப்படித் தூங்கும்?" என்றார்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள்மேல் மலை சரிந்து இறங்கியது. 70 பேர் போனார்கள். கயத்தாறிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் எத்தனையோ அதில். அண்ணனின் சொந்தமும் உண்டு. ஆற்றோரம் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர். நாங்கள் காட்டும் பள்ளத்துக்கு அண்ணன் தீயைக் காரணமாக்கியது, மழையைப் பேசாமல் இருக்கத்தானோ என்று டீச்சர் வந்துபோன அன்று ராத்திரி தோன்றியது. தோன்றியதிலிருந்து நிம்மதி இல்லை. ஆனால் பழைய ஜீப் டிரைவர் ஒருவரிடம் கேட்டபோது, எரிமலைக் கதையை அண்ணன் 2020-க்கு முன்பிருந்தே சொல்லி வருகிறார் என்றார். அப்படியானால் நான் நினைத்ததெல்லாம் நானாகக் கட்டியதா? இல்லை, ஒரே கதைக்குப் பிறகு வேறு காரணம் சேர்ந்துகொண்டதா? அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த மலையில் ஆளை அழைத்துப் போகிறவன் மழையைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். அங்கே எரிமலை இருந்தது என்று நம்பிக்கொண்டு ஜூலை மாசம் வருகிறவருக்கு அந்தச் சரிவு வெறும் வேடிக்கைதான். தலைக்குமேல் என்ன நிற்கிறது என்று பார்க்க மாட்டார். அது சரி, ஆனால் அதை அண்ணனை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்ததா என்றால், பதில் ஒருநாள் ஆமாம் என்று வருகிறது, மறுநாள் இல்லை என்று வருகிறது.

நோட்டீஸ் மாறவில்லை. அண்ணன் இப்போது பள்ளத்தருகே நிற்பதில்லை. போன வாரம் ஒரு குரூப் அந்தச் சரிவுக்குக் கீழே கூடாரம் போடக் கேட்டது. முதலில் வேண்டாம் என்றவர் அண்ணன்தான். ஏன் என்று கேட்டார்கள். "தம்பி சொல்வான்" என்று என்னைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றார். மண், பாறை, தண்ணீர் எல்லாம் சொன்னேன். பெட்டிமுடி பெயரை மட்டும் எடுக்கவில்லை.