மஸில்லோடருக்கு பீப் சைட்: டென்வர் அண்ணனுக்குச் சொன்னது

ஓபன் சைட்டில், அதாவது லென்ஸ் இல்லாமல் துப்பாக்கி மேலிருக்கிற வெட்டையும் குச்சியையும் வைத்துக் குறி பார்க்கும்போது, கண்ணுக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. பக்கத்தில் இருக்கிற பின்சைட்டின் வெட்டு, குழல் முனையில் நிற்கிற முன்சைட், தூரத்தில் இலக்கு. கண்ணால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். இருபது வயதில் கண் சடசடவென்று மூன்றுக்கும் மாறி மாறிப் போய் வந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டால் முதலில் பின்சைட் கரையும். வெட்டின் ஓரம் பஞ்சு மாதிரி ஆகிவிடும், அப்புறம் முன்சைட் அந்த வெட்டுக்கு நடுவில்தான் நிற்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும்.

என் பெரியப்பா மகன் டென்வரில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை, இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவரிடம் 0.50 காலிபர் (குழல் துளை அரை அங்குலம்) மஸில்லோடர் ஒன்று இருக்கிறது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்துக் கம்பியால் இறக்கி, மருந்தைப் பற்றவைக்கிற சின்ன கேப் மாட்டிச் சுடுகிற பழைய பாணித் துப்பாக்கி. செப்டம்பரில் வருகிற எல்க் (பெரிய மான் வகை) வேட்டை சீசனுக்கு அதன் சைட்டை மாற்ற வேண்டும் என்று கேட்டார். “நீதான் பீப் சைட்ல சுடுறியேடா, எது வாங்கட்டும் சொல்லு” என்றார். நான் வியாசர்பாடியில் லேத் வேலை செய்கிறவன், ஓய்வு நேரத்தில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன், ஸ்கூல் பசங்களுக்கு ஓபன் சைட் சொல்லிக்கொடுக்கிறேன். அவருக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் கண் விஷயம் நம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நம் ஊர் நிலவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. மஸில்லோடர் வைத்திருக்க ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். கொலராடோவில் நிலைமை வேறு. அங்கே மஸில்லோடருக்கென்று தனி சீசன் வைத்து, அந்த சீசனில் ஸ்கோப் (தொலைநோக்கி சைட்) போடக் கூடாது, பேட்டரியில் எரிகிற எதுவும் கூடாது, ஓபன் அல்லது இரும்பு சைட் மட்டும்தான் என்று விதி வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தை வாங்கி மின்னுகிற ஃபைபர் ஆப்டிக் இழை வைத்த சைட்டுக்குத் தடை இல்லை. ஆகவே ஐம்பது வயதுக் கண்ணுக்கு ஸ்கோப் என்ற சுலபமான வழி அவருக்குக் கிடையாது. இருக்கிற சைட்டை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. குறி தவறினால் அங்கே போவது பாயின்ட் இல்லை, ஒரு மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடும். அதனால்தான் இதில் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

பீப் சைட் என்பது கண்ணுக்கு அருகில் ஒரு துளை, அவ்வளவுதான். துளையைப் பார்க்கவே கூடாது, துளை வழியாகப் பார்க்க வேண்டும். துளையின் நடுவில்தான் வெளிச்சம் அதிகம் என்பதால் கண் தானாகவே முன்சைட்டை அந்த நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், நாம் வற்புறுத்த வேண்டியதில்லை. மூன்று வேலை இரண்டாகக் குறைகிறது. அதோடு, சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். கண்ணாடி போட்டவர்கள் ஒரு அட்டையில் ஊசியால் குத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக நாள்காட்டியைப் பார்த்தால் எழுத்து தெரியும். அதே சங்கதிதான்.

இன்னொரு லாபம் நீளம். இந்த மாதிரி துப்பாக்கிகளில் தொழிற்சாலையிலிருந்து வருகிற பின்சைட் குழலின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கும், முன்சைட்டிலிருந்து சுமார் 500 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். பீப் சைட்டைக் குழலின் பின்கோடியில் வைத்தால் அது 750 மி.மீ. ஆகிவிடும். முன்சைட்டை வைப்பதில் அரை மி.மீ. பிசகினால் 90 மீட்டர் தூரத்தில் முதல் அமைப்பில் குண்டு 90 மி.மீ. விலகும், இரண்டாவதில் 60 மி.மீ. தான் விலகும். கை அதே கை, கண் அதே கண், பிசகும் அதே பிசகு.

சரி, எந்தத் துளை? இங்கேதான் நிறையப் பேர் என் மாதிரி டார்கெட் சுடுகிறவர்கள் பேச்சைக் கேட்டுக் காட்டில் கஷ்டப்படுகிறார்கள். 10 மீட்டர் ரேஞ்சில் இலக்கு மேல் பளிச்சென்று விளக்கு எரியும், பத்துப் பாயின்ட் புள்ளியே அரை மி.மீ. தான், நின்று நிதானமாகச் சுடலாம். அங்கே 1.1 மி.மீ. துளை அருமையாக வேலை செய்யும். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும் அந்த வகைப் போட்டியில்தான். அதே துளையை வைத்துக்கொண்டு மாலை மங்கிய நேரத்தில் மரத்தடியில் நிற்கிற மிருகத்தைப் பார்த்தால் கறுப்பு மட்டும்தான் தெரியும். இருட்டில் நம் கண்மணி 5, 6 மி.மீ. வரைக்கும் விரியும். அதன் முன்னால் 1 மி.மீ. துளையை வைத்தால் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் நாமே கையால் மூடின கணக்கு. கொலராடோவில் சூரியன் உதிக்க அரை மணி முன்னாலிருந்து, மறைந்து அரை மணி வரை சுட அனுமதி உண்டு. மிருகங்கள் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான்.

எனவே வேட்டைக்கு 3 மி.மீ.க்குக் குறையாத துளை, இருட்டு நேரத்துக்கு 5 மி.மீ. வரை என்பது என் முடிவு. பெரிய துளையையும் மெல்லிய விளிம்பையும் சேர்த்து கோஸ்ட் ரிங் என்பார்கள். கண் முன்னால் வைத்துப் பார்த்தால் வளையமே மங்கி மறைந்துபோய் முன்சைட் மட்டும் நிற்கும். துளை பெரிதானால் துல்லியம் போய்விடுமே என்று அண்ணன் பயந்தார். 90 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு அந்த பயம் வேண்டாம். கண் நடுவைக் கண்டுபிடிப்பதில் வியக்கத்தக்க அளவு நேர்மையாக இருக்கும். தெளிவு கொஞ்சம் குறையும், அது உண்மை, ஆனால் வெளிச்சம் கிடைக்கும்.

வில்லியம்ஸ், லைமன் இரண்டு கம்பெனியின் பீப் சைட்டிலும் நடுவில் துளை உள்ள டிஸ்க், மரை போட்டு மாட்டுகிற மாதிரி தனியாக வரும். 7/32 அங்குலம், அங்குலத்துக்கு 40 மரை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் அந்த வெறும் மரைத் துளையே கோஸ்ட் ரிங் ஆகிவிடும். வெளிச்சம் இருக்கும்போது டிஸ்க், மங்கியதும் டிஸ்க் பாக்கெட்டில். தொழில்காரனாக ஒன்று சொன்னேன்: சின்னத் துளை டிஸ்க்குகளாக இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள், துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கலாம், பெரிதானதைச் சிறிதாக்க முடியாது. டிரில் போட்டபின் உள்சுவரில் பளபளப்பு இருந்தால் கறுப்படிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வெயில் உள்ளே மின்னிக் கண்ணைக் கெடுக்கும்.

துப்பாக்கியைத் தொடாமலே எந்தத் துளை சரி என்று பார்க்க ஒரு வழி உண்டு. பித்தளைத் தகட்டுத் துண்டில் 1.2, 2, 3, 4, 5 மி.மீ. துளைகள் போட்டேன், ஒரு மீட்டர் கட்டையின் கோடியில் கறுப்பு அட்டையில் 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு குச்சி ஒட்டினேன். காசிமேட்டில் சூரியன் விழுந்த பிறகு, படகுகளின் பெயர் எழுத்து மங்குகிற நேரத்தில் ஒவ்வொரு துளை வழியாகவும் பார்த்தால் விடை தானாகக் கிடைக்கும். 1.2 முதலில் அணைந்தது, 2 சீக்கிரமே அதன் பின்னால் போனது, 4-ம் 5-ம் மட்டும் பேர் தெரிகிறவரை தாக்குப்பிடித்தன. நம் ஊரில் இருட்டு மடமடவென்று வந்துவிடும், டென்வர் அட்சரேகையில் அந்தி கொஞ்சம் நீளும் என்பதால் அவருக்கு நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும். இதை அவர் வீட்டுப் பின்பக்கத்தில் நின்று செய்யலாம், யாரும் பயப்பட மாட்டார்கள்.

முன்சைட் விஷயத்தில் விளம்பரத்தை நம்பாதீர்கள். முன்சைட்டின் உச்சியில் இருக்கிற ஃபைபர் ஆப்டிக் மணி பகலில் அழகாக மின்னும், கடையில் கையில் எடுத்தவுடன் ஆசை வரும். ஆனால் பெரிதாக இருக்கும். கண்ணிலிருந்து முன்சைட் 900 மி.மீ. தூரம் என்றால் 1.5 மி.மீ. மணி 100 மீட்டரில் 17 செ.மீ. இடத்தை மூடும், 2.5 மி.மீ. மணி 28 செ.மீ. இடத்தை மூடும். குண்டு விழ வேண்டிய இடத்தையே மணி மூடிவிட்டால் அப்புறம் எதைக் குறி பார்ப்பது? நல்ல வெயிலில் மணி இன்னும் வீங்கித் தெரியும். அதனால் ஃபைபர் வேண்டுமென்றால் முன்னால் மட்டும், 1.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். எனக்குப் பிடித்தது தட்டையான தலை உள்ள சதுரக் குச்சி. உச்சி எங்கே முடிகிறது என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

டார்கெட் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். நாங்கள் கறுப்பு வட்டத்தின் அடியில் குச்சியை நிறுத்திச் சுடுவோம், வட்டத்தின் அளவு மாறாது என்பதால் அது சரி. மிருகத்தின் மேல் வட்டம் கிடையாது. குச்சியின் உச்சி எங்கே நிற்கிறதோ அங்கேயே குண்டு விழுகிற மாதிரிதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓபன் சைட்டே போதும் என்கிறவர்களுக்கு: கண் இளசாக இருந்தால் தாராளமாகப் போதும். என்னிடம் வருகிற பசங்கள் ஓபன் சைட்டில் அடிக்கிற குரூப்பை, அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதைப் பார்த்தால் பீப் எதற்கு என்று தோன்றும். பின்சைட்டின் தலை தட்டையாக இருக்க வேண்டும், வெட்டு சதுரமாக, குச்சியின் இரு பக்கமும் வெளிச்சக் கீற்று நன்றாகத் தெரிகிற அளவு அகலமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொம்பு வளைந்து நிற்கிற பக்ஹார்ன் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அது இலக்கின் பாதியை மறைத்துவிடும். மங்குகிற பின்சைட்டைக் குழலில் இன்னும் முன்னால் தள்ளினாலும் கண்ணுக்குக் கொஞ்சம் தெளியும், பதிலுக்கு நீளம் குறையும்.

அண்ணன் துப்பாக்கியில் ஒரு தனிச் சிக்கல். குழல் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும், சுத்தம் பண்ணக் குழலை மட்டும் தூக்கி எடுத்துவிடலாம். கரிமருந்து சுட்டால் ஒவ்வொரு முறையும் கழுவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் துரு தின்றுவிடும். பீப் சைட்டை மரத்தோடு நிற்கிற பின்துண்டில் பொருத்தினால், குழலைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கொக்கியில் இருக்கிற ஆட்டம் அப்படியே குறியில் வரும். கொக்கி இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை. ஆட்டம் இருந்தால் சைட் குழலின் மேலேயே உட்கார வேண்டும். கழுவினபின் இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டிச் சுட்டுப் பாருங்கள் என்றேன். நிறைய துப்பாக்கிகளில் குழலில் ஏற்கனவே மரைத் துளை போட்டிருப்பார்கள், அதைத் தேடாமல் புதிதாக டிரில் எடுக்கக் கூடாது. மருந்து வெடிக்கிற இடத்தில் சுவரின் கனம் தெரியாமல் துளை போடுவது உயிரோடு விளையாடுவது. அங்கே கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) இருக்கிறார், அவரிடம் கொடுங்கள்.

கண்ணாடிக்கும் வருகிறேன். தூரப் பவரோடு ப்ளஸ் 0.5 அல்லது 0.75 சேர்த்து ஒரு தனிக் கண்ணாடி போட்டால் ஒரு மீட்டரில் இருக்கிற முன்சைட் கூர்மையாகும், இலக்கு லேசாக மங்கும், அந்த மங்கல் பெரிய தொந்தரவு இல்லை. ப்ரோக்ரஸிவ் கண்ணாடி இதற்கு ஆகாது. கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் (ஸ்டாக்) வைத்தால் லென்ஸின் மேல் மூலை வழியாகத்தான் பார்ப்போம், அங்கே பவர் வேறாக இருக்கும். சைட் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யச் சொன்னேன். சிலருக்கு இதுவே போதும், பழைய ஓபன் சைட்டே தெளிந்துவிடும்.

குறி செட் பண்ணுவதற்குக் கணக்கு ஒன்றுதான். குண்டு விலகின தூரத்தை இரண்டு சைட்டுக்கும் நடுவில் உள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் சைட்டை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று வரும். 45 மீட்டரில் 50 மி.மீ. தாழ்ந்து விழுகிறது, நீளம் 750 மி.மீ. என்றால் 0.83 மி.மீ. பின்சைட்டை குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும், முன்சைட்டை எதிர்ப்பக்கம். பீப் உயரமாக உட்காரும் என்பதால் முன்சைட்டும் உயரமாகத் தேவைப்படும். வேண்டியதைவிடக் கொஞ்சம் உயரமாகவே வாங்கி, குண்டு தாழ்ந்து விழ விட்டு, உச்சியை அராவி அராவிக் குண்டை மேலே ஏற்றிக்கொள்ளலாம். பித்தளை மணியாக இருந்தால் வெயில் படுகிற பக்கம் மட்டும் மின்னும், கண் அந்த மின்னலை நடுவென்று எடுத்துக்கொள்ளும், குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போகும். கற்பூரப் புகையில் காட்டினால் கரி பிடித்து அது அடங்கும், ஆனால் சைட்டைத் தனியாகக் கழற்றி, கரிமருந்து டப்பா இல்லாத இன்னொரு அறையில்தான் அந்த வேலை.

அண்ணன் இப்போது கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். அது கைக்கு வந்ததும் பழைய சைட்டிலேயே 45 மீட்டரில் சுட்டு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் பீப் சைட் ஆர்டர்.