காலைதோறும் புதியவை

அம்மாவின் பழைய வேதாகமத்தில் புலம்பல் 3ஆம் அதிகாரத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கிறது. அப்பா இறந்த வருடம் முழுவதும் விடியற்கால ஜெபத்துக்கு முன் அவர்கள் திறந்தது அந்தப் பக்கத்தைத்தான். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமைச் சுட்டெரித்த பின், பசியையும் சிறையிருப்பையும் சொல்லி அழுகிற பாடல்களின் நடுவே, ‘நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே’ என்ற 22ஆம் வசனத்தில், ‘கிருபை’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் ‘ஹெசெத்’ என்ற சொல் நிற்கிறது. வெறும் இரக்கம் அன்று அது. உடன்படிக்கை செய்தவர், மறுபக்கத்தார் தவறிய பின்னும் கைவிடாமல் காட்டுகிற அன்பு. ‘அவைகள் காலைதோறும் புதியவைகள்; உமது உண்மை பெரிதாயிருக்கிறது’ என்ற அடுத்த வசனத்தின் ‘உண்மை’, அதாவது எபிரெயத்தில் ‘எமுனா’, அசையாத உறுதியைக் குறிக்கிறது. அதைச் சொன்னபோதும் நகரம் இடிபாடாகவே கிடந்தது என்பதுதான் என்னை உருக்குகிறது. இன்று காலையும் அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள்.