கார் இல்லாமல் பிரெஞ்சு கிராமங்களில்: லெ புய் முதல் கோன்க் வரை நடை

முதலில் டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. கோன்க் கிராமத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து ரோதேஸ் போய் பாரிஸுக்கு இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும், தூரம் 40 கிலோமீட்டருக்குள்தான். நடப்பவர்களை ஏற்றிப் போகும் சிறு வேன்களில் இடம் முடிந்துவிட்டது, பேருந்தும் இல்லை. வந்த டாக்ஸிக்காரர் மீட்டரையே தொடாமல் 140 யூரோ என்றார். மீட்டரைப் போடச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைக்கு இதுதான் விலை, வேண்டாமென்றால் இறங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். பிரான்சில் டாக்ஸிக் கட்டணத்தை ஒவ்வொரு மாவட்டமும் அரசாணை போட்டு நிர்ணயிக்கிறது, மீட்டர் கட்டாயம், 25 யூரோவும் அதற்கு மேலும் போனால் ரசீதும் கட்டாயம். ஏ, பி, சி, டி என்று நான்கு கட்டணம் உண்டு. டாக்ஸி காலியாகத் திரும்பும் பயணம் என்றால் பகலில் சி, அதுவே இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ என்றால் டி, எல்லாவற்றிலும் அதிகம் அதுதான். அதாவது சட்டப்படி போட்டாலே தொகை கணிசமாக வந்திருக்கும், அதற்கு மேலும் பிடுங்க வேண்டிய தேவை என்ன? நானும் அக்காவும் அங்கே நின்றிருந்த வேறு இரண்டு பேரோடு சேர்ந்து தலைக்கு 35 யூரோ கொடுத்தோம். ஏறுவதற்கு முன்பே மீட்டரைப் போடச் சொல்லுங்கள், இறங்கும்போது ரசீதை விடாமல் கேளுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை கோன்கை விட்டுக் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

சரி, டாக்ஸி கதை போதும். இந்த நடை என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நானும் அக்காவும் போன வழி ஜி.ஆர். 65. ஓவேர்ன் பகுதியிலுள்ள லெ புய் ஊரிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை போகும் நீண்ட நடைபாதை இது, ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை போகும் பழைய யாத்திரை வழியின் பிரெஞ்சுப் பகுதி. லெ புய்யின் ஆயர் கோதெஸ்கால்க் 950-51இல் இங்கிருந்து கிளம்பி அங்கே போய் வந்திருக்கிறார். முதல் 200 கிலோமீட்டர்தான் லெ புய்யிலிருந்து கோன்க் வரை, பெரும்பாலானவர்கள் நடப்பதும் இந்தப் பகுதியைத்தான். பாதையில் மரம், கல், மின்கம்பம் எதிலாவது வெள்ளைக் கோடும் அதன் கீழே சிவப்புக் கோடும் தீட்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். இரண்டு நிறமும் பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. நடைபாதைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் வந்து தீட்டிவிட்டுப் போகும் கோடுகள் இவை. காட்டுக்குள் மூன்று வழி பிரியும் இடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் வருகிற நிம்மதிக்காகவே அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

லெ புய் பழைய எரிமலைகளின் மிச்சத்தில் எழுந்த ஊர். ஊருக்கு நடுவே செங்குத்தாகப் பாறைகள் எழுந்து நிற்கின்றன. ஒன்றின் உச்சியில் புனித மிக்கேலின் சிற்றாலயம், பத்தாம் நூற்றாண்டில் கட்டியது, ஏற 268 படி. இன்னொன்றில் செம்மண் நிறத்தில் மாதாவின் பெரிய சிலை, கிரிமியப் போரில் செவஸ்தபோலில் கைப்பற்றிய 213 பீரங்கிகளை உருக்கி 1860இல் வைத்தது. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். காசு எண்ணிச் செலவு செய்பவர்கள் சிற்றாலயத்துக்கு மட்டும் ஏறுங்கள், சிலை ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிறது.

காலை 7 மணிக்குப் பேராலயத்தில் நடப்பவர்களுக்கான பூசை நடக்கிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை, வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கோவிலுக்கே போகாதவர்கள் என்று பிறகு பேசியபோது தெரிந்தது. பூசை முடிந்ததும் ஆலயத்தின் தரையில் இருக்கும் கம்பிக் கதவு திறக்கிறது. அதன் வழியே படியிறங்கினால் நேராகத் தெருவுக்கு வந்துவிடுகிறோம், நடை தொடங்கிவிடுகிறது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

முதல் நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. பச்சை லென்டில் (மைசூர்ப் பருப்பு இனம்) வயல்கள், அலியே ஆற்றுக்கு முட்டி நோக ஒரு இறக்கம், பிறகு அதே அளவு ஏற்றம். சோக் என்ற சிற்றூரில் பெரிய மர ஓநாய் சிலை ஒன்று இருக்கிறது. 1764 முதல் 1767 வரை ஜெவோதான் என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தில் ஒரு மிருகம் மாடு மேய்க்கும் பிள்ளைகளையும் பெண்களையும் அடித்துக் கொன்றுகொண்டிருந்தது, பதினைந்தாம் லூயி தன் சொந்த வேட்டைக்காரரையே அனுப்பினார், கடைசியில் ழான் ஷஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர் சுட்டதோடு சாவுகள் நின்றன. ஓநாயா, வேறு ஏதாவதா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அதன் அருங்காட்சியகத்தை நாங்கள் பார்க்கவில்லை, கால் வலி.

ஓமோன் ஓப்ராக் தாண்டியதும்தான் எல்லாமே மாறுகிறது. ஓப்ராக் என்பது 1,000 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். மரம் மிகக் குறைவு. வானமும் புல்லும், கல்லை அடுக்கிச் சாந்தில்லாமல் கட்டிய வேலிச் சுவர்களும், ஆங்காங்கே உருண்டு கிடக்கும் கருங்கற்களும்தான். ஜூன் முதல் வாரத்தில் போனோம், புல்வெளி முழுக்க வெள்ளை நார்சிஸ் பூ. பெரிய சீப்பு போன்ற கருவியால் இதை வாரி எடுத்து வாசனைத் திரவியத்துக்காக கிராஸ் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த மணம். மே கடைசியில் மாடுகளை மணி கட்டி, தலையில் பூ சூட்டிக் கீழ்ப் பண்ணைகளிலிருந்து மேலே ஓட்டி வருவார்கள், அதனால் நாங்கள் போனபோது மந்தைகள் வந்து சேர்ந்திருந்தன. ஓப்ராக் மாடு சந்தன நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு. அவ்வளவு அழகான மாட்டை நான் பார்த்ததே இல்லை. சில இடங்களில் பாதை மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே போகிறது, கன்று போட்ட மாடு நின்றால் நன்றாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். திறந்த வேலிக் கதவை மறக்காமல் மூட வேண்டும், இதில் அவர்கள் மிகவும் கறார், அது நியாயமும்கூட.

நாஸ்பினாலில் கருங்கல்லில் கட்டிய பழைய ரோமனெஸ்க் ஆலயம் இருக்கிறது, நின்று பாருங்கள். அங்கிருந்து ஓப்ராக் கிராமம் 9 கிலோமீட்டர், 1,300 மீட்டர் உயரம். வழியில் மூடுபனி இறங்கி அடுத்த கம்பம்கூடத் தெரியாமல் போனது. அதற்குள் நடந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கிராமத்தின் கதை எனக்கு உறைத்தது. 12ஆம் நூற்றாண்டில் அதலார் என்ற பிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபு இங்கே கொள்ளையர்களிடமும் பனிப்புயலிலும் சிக்கித் தப்பித்து, நன்றிக்கடனாக வழிப்போக்கர்களுக்கு விடுதி கட்டினார் என்பார்கள். பனியில் வழி தவறியவர்களைக் கூப்பிடுவதற்காக அங்கே ஒரு மணி அடித்துக்கொண்டே இருப்பார்களாம். ஆலயமும் கோபுரமும் இன்னும் நிற்கின்றன.

அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். அலிகோ! உருளைக்கிழங்கை மசித்து, வெண்ணெய், கிரீம், பூண்டு சேர்த்து, முதிராத புதுச் சீஸைப் போட்டு அடுப்பிலேயே கிண்டிக்கொண்டே இருப்பார்கள். விடுதியம்மா பாத்திரத்தை மேசைக்கே தூக்கி வந்து மரக்கரண்டியால் தலைக்கு மேலே இழுத்துக் காட்டினார், அறுபடாமல் துணி போல மேலே வந்தது. கத்தரிக்கோல் கொண்டு வெட்டும் விடுதிகளும் உண்டாம். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். வழக்கமாகப் பன்றி சாசேஜோடு தருவார்கள். அக்கா இறைச்சி சாப்பிட மாட்டாள், அதை முன்னாலேயே போனில் சொல்லியிருந்ததால் அவளுக்குத் தனியாக சாலடும் லெ புய்யின் பச்சை லென்டிலும் வந்தன. இரண்டாவது முறையும் போட்டார், மூன்றாவது முறையும் கேட்டார். "போதும்டி, நாளைக்கு எப்படி நடக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே அக்கா தட்டை நீட்டினாள். பாரிஸில் இதைவிட மூன்று மடங்கு காசு கொடுத்து இதில் கால்வாசி ருசியில்லாத சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

தங்கும் இடங்களுக்கு ஜித் என்று பெயர். ஒரு அறையில் நான்கு முதல் எட்டுக் கட்டில், ராத்திரிச் சாப்பாடும் காலை ரொட்டியும் சேர்த்து ஆளுக்கு 50 யூரோவுக்கு முன்னேபின்னே. ஒவ்வொரு நாளும் இது போகிறது என்று கணக்குப் பார்த்தால் மனம் திக் என்கும், ஆனால் சாப்பாட்டைச் சேர்த்துப் பார்த்தால் பிரான்சில் இதைவிட மலிவு கிடையாது. விலை வைக்காமல், முடிந்ததைப் பெட்டியில் போடச் சொல்லும் விடுதிகளும் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றை இலவசம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பெட்டியில் விழும் காசில்தான் மறுநாள் வருபவருக்குச் சமைக்கிறார்கள். மூட்டைப்பூச்சிப் பயத்தால் பல இடங்களில் பையை அறைக்குள் விடமாட்டார்கள், வேண்டியதை மட்டும் ஒரு சிறு பையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். மே மாதமும் செப்டம்பரும் நிரம்பி வழியும், முன்பதிவு இல்லாமல் போனால் அலைய வேண்டும்.

பகல் சாப்பாடுதான் தொல்லை. மதியம் 12 ஆனால் கடைகளை மூடுகிறார்கள், திறக்க 2 அல்லது 3 மணி ஆகும். திங்கட்கிழமை ரொட்டிக்கடையும் விடுமுறை என்று பல ஊரில் பார்த்தோம். ரொட்டி, சீஸ், பழம் பையில் எப்போதும் இருக்கட்டும், கையில் சில்லறையும் இருக்கட்டும். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசலில் பெரும்பாலும் குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று பலகை இல்லையென்றால் பிடித்துக்கொள்ளலாம். முதலில் தயங்கினோம், இரண்டு நாளில் கல்லறை எங்கே என்றுதான் வரைபடத்தில் முதலில் பார்த்தோம். சில வீட்டு வாசலில் பிளாஸ்கில் காபி, கேக், உண்டியல் வைத்துவிட்டு வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருப்பார். பழனி பாதயாத்திரையில் வழியோரம் நின்று மோர் கொடுப்பவர்களை நினைத்துக்கொண்டோம்.

ஓப்ராக்கிலிருந்து சென் ஷெலி வரை 8 கிலோமீட்டரில் 500 மீட்டர் இறக்கம், ஊன்றுகோல் இல்லாமல் இறங்காதீர்கள். பிறகு லோட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, இன்னொரு நாட்டுக்கு வந்த மாதிரி வெயிலும் செம்மணல் கல்லும். சென் கோமின் ஆலயக் கோபுரம் முறுக்கிவிட்டது போலத் திருகி நிற்கிறது. எஸ்பாலியோனில் பழைய செங்கல் நிறப் பாலம், தோல் பதனிடுபவர்களின் வீடுகள் ஆற்றை எட்டிப் பார்த்தபடி. எல்லாரும் இந்தப் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்துக் கொஞ்ச தூரத்தில் பெசுவெஜூல் என்ற இடத்தில் ஒரு சிறு ஆலயம் உண்டு, அதன் மணிக்கோபுரத்துக்குள் தேய்ந்துபோன குறுகிய படியில் ஏறினால் 11ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களோடு ஒரு குட்டி மாடம். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும். எஸ்தேன் கோட்டையை பிரான்சின் முன்னாள் ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேன் குடும்பத்தார் 2005இல் வாங்கினார்கள், ஊர் அஞ்சலட்டை போல இருக்கிறது, காபி விலையும் அதற்கேற்ப.

கோன்க். காட்டுக்குள்ளிருந்து கரடுமுரடான இறக்கத்தில் வந்து விழுந்ததும் எதிரே கல்லோட்டுக் கூரைகளும் ஆலயத்தின் மூன்று கோபுரமும். வாசல் வளைவில் இறுதித் தீர்ப்பு செதுக்கியிருக்கிறார்கள், 124 உருவங்கள். நரகத்தின் பக்கம் கஞ்சன் கழுத்தில் பணப்பையோடு தொங்குகிறான், குதிரையிலிருந்து வீரன் தலைகுப்புற விழுகிறான். வளைவின் ஓரத்தில் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் சின்ன முகங்களை விட்டுவிடாதீர்கள், அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மடத்துச் சாமியார் ஒருவர் வந்து இதைச் சிரிக்கச் சிரிக்க விளக்கினார், பிறகு உள்ளே ஆர்கன் வாசித்தார்கள்.

உள்ளே இருக்கும் 104 சாளரங்கள் ரோதேஸில் பிறந்த ஓவியர் பியர் சூலாஜ் செய்தவை, 1994இல் திறந்தார்கள். நிறமே கிடையாது, மங்கலான வெள்ளைக் கண்ணாடியில் வளைந்து போகும் கறுப்புக் கோடுகள். பகலில் பார்த்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் மறுபடி போய் உட்கார்ந்தோம், ஒரு பக்கம் நீலமும் எதிர்ப்பக்கம் இளஞ்சிவப்புமாக அதே கண்ணாடி மாறியிருந்தது, கதவைச் சாத்தும் வரை எழுந்திருக்கவில்லை.

ஆலயத்தின் கருவூலத்துக்கு டிக்கெட் வாங்கத் தயங்கவே தயங்காதீர்கள். புனித ஃபுவாவின் பொற்சிலை 85 சென்டிமீட்டர்தான், உடலெல்லாம் ரத்தினம், கண் நம்மையே முறைக்கிறது. ஆழான் ஊரில் கொல்லப்பட்ட சிறுமி அவள். அவளுடைய எலும்புகளை 9ஆம் நூற்றாண்டில் கோன்க் துறவி ஒருவர் அங்கிருந்து திருடிக்கொண்டு வந்துதான் இந்த ஊரே பெரிதானது. பிரெஞ்சுப் புரட்சியின்போது பொன்னையெல்லாம் உருக்க ஆள் வரும் என்று தெரிந்து, ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பொருளாக வீடுகளில் ஒளித்து வைத்து, பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழை ஊர் அது, கையில் இருந்தது தங்கம். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

முழு வழிக்கு விடுப்பு இல்லாதவர்கள் ஓமோன் ஓப்ராக்கில் தொடங்குங்கள், அங்கே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கோன்க் வரை நடந்தாலே இதில் மிகச் சிறந்த பகுதி கிடைத்துவிடும். ஒரு நாளாவது மிஞ்சினால் அதைக் கோன்கில் கழியுங்கள், கிளம்ப ஒரு வார நாளைப் பாருங்கள், வேனுக்கு லெ புய்யில் இருக்கும்போதே சொல்லி வையுங்கள். நாங்கள் அடுத்த வருடம் கோன்கிலிருந்து மேலே மொவாசாக் வரை நடக்கப் போகிறோம், அக்கா இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.