ஆங்கிலத்தில் எழுதும்போது எடிட்டிங்கில் (editing) எத்தனை டி (t)?

ஒன்றுதான். தமிழில் 'ட்டி' என்று அழுத்தி எழுதிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் இரண்டு டி போட்டுவிடுகிறது. விசிட்டிங்கிலும் இதே தவறு நடக்கும்.

ஒரு சொல்லோடு இங் (ing) அல்லது இடி (ed) சேர்க்கும்போது இரண்டைப் பாருங்கள். சொல்லின் கடைசியில் ஒரே உயிரெழுத்தும் அதையடுத்து ஒரே மெய்யெழுத்தும் இருக்கிறதா? உச்சரிப்பின் அழுத்தம் அந்தக் கடைசி அசையில் விழுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மெய் இரட்டிக்கும். 'பிகின்' சொல்லில் அழுத்தம் பின்னால், எனவே பிகினிங்கில் இரண்டு என். 'ஓப்பன்' சொல்லில் முன்னால், எனவே ஓப்பனிங்கில் ஒன்று. 'ரெஃபர்டு' சொல்லில் இரண்டு ஆர். 'ரெஃபரன்ஸ்' என்றதும் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடுவதால் ஒன்றே. டபிள்யூ, எக்ஸ், ஒய் மட்டும் இப்படி இரட்டிப்பதே இல்லை.

'டிராவலிங்' அடங்காப் பிள்ளை. விதிப்படி ஒரு எல் போதும், அமெரிக்கர்களும் அப்படியே எழுதுகிறார்கள், பிரிட்டனில் இரண்டு.

'அக்காமடேட்' சொல்லில் இரண்டு சி, இரண்டு எம். பலர் ஒரு எம்மை விழுங்கிவிடுவார்கள். 'புக்கீப்பர்' இன்னும் வேடிக்கை: இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ, இடைவெளியே இல்லாமல். புக், கீப்பர் என்று பிரித்து எழுதிப் பார்த்தால் எந்தக் கேயும் தொலையாது.