வளவு வீட்டில் மூன்று பிளேடுகள்

காரைக்குடியில் எங்கள் பயிற்சி மையம் நடப்பது பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில். வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் 60 தின் கிளையண்ட்கள். அவற்றுக்கான சர்வரை 2017-இல் நான்தான் தேர்ந்தெடுத்தேன். தேவகோட்டையில் இதேபோல் ஒரு மையம் தொடங்கும் நண்பர் விவரம் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அதற்கு முன் எங்களிடம் ஒரே ஒரு சர்வர் இருந்தது. ஒரு தேர்வு நாளில், தொடங்கிய இருபதாவது நிமிடம், அதன் மதர்போர்டு போய்விட்டது. 60 திரைகளும் அப்படியே உறைந்தன. தின் கிளையண்ட்டுக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. நாம் தட்டும் எழுத்து சர்வருக்குப் போய், படமாகத் திரையில் திரும்பி வருகிறது. சர்வர் நின்றால் எல்லாம் நின்றது. பிள்ளைகள் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று நான் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

செருகி வைக்கும் மெல்லிய சர்வர்களுக்குப் பிளேடு என்று பெயர். மதுரையிலிருந்து வந்த விற்பனையாளர் 16 பிளேடுகள் கொள்ளும் 10யு சேசிஸைச் சிபாரிசு செய்தார். சேசிஸ் என்பது அவற்றைச் செருகும் பெட்டி, யு என்பது அதன் உயரத்தின் அலகு. இப்போது மூன்று போதும், பிறகு வளரலாம் என்றார். அந்த அளவுச் சேசிஸ் நிரம்பினால் எடை 200 கிலோவை ஒட்டி வரும். எங்கள் சர்வர் அறையோ மாடியில், தேக்கு உத்தரங்களின் மேல். கொத்தனார் கீழே நின்று உத்தரத்தை விரலால் தட்டிக் கேட்டார். சுவரில் அது உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தார். "பார்த்து ஏற்றுங்கள்" என்று மட்டும் சொன்னார். எடை ஒருபுறம் இருக்கட்டும். வராத 13 பிளேடுகளுக்கும் சேர்த்து இன்றைக்கே பெட்டிக்கு விலை கொடுப்பதை என் மனம் ஒப்பவில்லை.

அறக்கட்டளையைக் கவனிக்கும் ஆச்சியிடம் கணக்கைக் கொண்டுபோனேன். பிளேடு என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒவ்வொரு பிளேடும் தனி சர்வர். பிராசசரும் மெமரியும் அதனதன் சொந்தம். மின்சாரம், விசிறி, ஸ்விட்ச் மட்டும் பொது என்றேன். "வேறு வைக்கிற மாதிரி என்று சொல்லுங்கள் தம்பி. வீடு ஒன்று, புள்ளிக்கு ஓர் அடுப்பு" என்றார்கள். மணமான மகனுக்கு அதே வீட்டில் தனிச் சமையல் வைத்துக் கொடுப்பதுதான் வேறு வைப்பது. அப்படிப் பிரிந்த குடும்பம் ஒரு புள்ளி. ஆச்சி சொன்னதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் உடனே அடுத்த கேள்வியும் வந்தது: "கிணறு வற்றினால் எல்லா அடுப்பும் அணையுமே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் அதையே யோசித்தேன். சேசிஸில் பவர் சப்ளையும் விசிறியும் ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்படி இருக்கும். பிளேடுகள் செருகும் நடுப்பலகை மட்டும் ஒன்றே ஒன்றுதான். அது பழுதாவது அபூர்வம். பழுதானால் எல்லாம் போயிற்று. அதனால் லாகின் சரிபார்ப்புக்கும் தினசரி நகலுக்கும் சேசிஸுக்கு வெளியே தனியாக ஒரு சாதாரண சர்வர் வைத்தேன். செலவு கூடியது, ஆச்சி மறுக்கவில்லை.

வாங்கியது நான்கு பிளேடுகள் கொள்ளும் டெல் விஆர்டிஎக்ஸ் சேசிஸ்: 5யு உயரம், 25 சிறிய டிஸ்க்குகளுக்கு இடம், எல்லாப் பிளேடுகளும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பு. அதில் எம்630 ரகப் பிளேடுகள் மூன்று. ஒவ்வொன்றிலும் எட்டு கோர் பிராசசர் இரண்டு, 128 ஜிபி மெமரி.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதுதான் முக்கியம். பழைய சர்வரில் ஒரு வாரம் அளந்ததில், உலாவியும் கணக்கு மென்பொருளும் திறந்த ஒரு பிள்ளைக்குச் சுமார் 2 ஜிபி போனது. 60 பேரை மூன்றால் வகுத்தால் ஒரு பிளேடுக்கு 20 பேர். நான் அப்படி வகுக்கவில்லை, இரண்டால் வகுத்தேன். ஒன்று விழுந்தால் மீதி இரண்டும் ஆளுக்கு 30 பேரைச் சுமக்க வேண்டும்: 60 ஜிபி, அதற்கு மேல் இயங்குதளத்துக்கும் அவசரத்துக்கும். 64 ஜிபி போதும் என்று விற்பனையாளர் சாதித்தார், நான் இறங்கவில்லை. அந்தப் பிராசசருக்கு நான்கு மெமரி சானல்கள், அதாவது மெமரிக்குப் போகும் பாதைகள். இரண்டுக்கும் எட்டு. 16 ஜிபி பட்டைகள் எட்டு போட்டால் சானலுக்கு ஒன்றாகச் சமமாக அமைகிறது. நண்பரே, காசு குறைந்தால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள், மெமரியில் கை வைக்காதீர்கள்.

டிஸ்க்கும் அப்படித்தான். பகல் முழுவதும் சும்மா கிடக்கும். காலை 9 மணிக்கு 60 பேரும் சேர்ந்து லாகின் செய்யும்போது திணறும். இயங்குதளம் இருக்கும் டிஸ்க்குகளை, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டியாக மாற்றிய பிறகே அந்தக் காத்திருப்பு ஒழிந்தது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்பியர் காட்டியது. 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 1,150 வாட். அவ்வளவும் வெப்பமாகவே வெளிவரும். ஒரு டன் ஏசி 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால் ஒன்றே போதும். சித்திரை வெயிலில் ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று இரண்டு வைத்து, வாரம் ஒன்றாக மாற்றி ஓட்டுகிறேன்.

எல்லாம் அமைந்த பிறகு, வகுப்பு நிரம்பியிருந்த ஒரு பிற்பகலில், பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நடுப் பிளேடின் நெம்புகோலை இழுத்து அதை உருவினேன். கை நடுங்கியது. கீழே 20 திரைகள் உறைந்தன, 40 ஓடிக்கொண்டிருந்தன. அந்த 20 பேரும் மறுபடி லாகின் செய்து உட்கார நான்கு நிமிடம் ஆயிற்று. சேமித்து வைத்த கோப்புகள் எல்லாம் பத்திரம். சேமிக்காமல் பாதிக் கடிதத்தில் இருந்த ஒரு பெண் மட்டும் முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். நான் பிளேடைத் திரும்பச் செருகிவிட்டு, அவள் முடிக்கும்வரை அருகிலேயே நின்றேன்.